ரேடியோவில் உறுமல் வருகிறதா? நியான் பலகையைச் சந்தேகித்துப் பாருங்கள்

இருட்டும் நேரத்தில் மீடியம் வேவ் (ஏஎம்) ரேடியோவில் ஒரு உறுமல் கிளம்பி, கடைகள் மூடியதும் அடங்கிவிடுகிறது என்றால், பக்கத்தில் நியான் பெயர்ப்பலகை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தத் தகராறு பழையது. நியான் வாயுவை 1898-ல் லண்டனில் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள், 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் க்ளோட் அதை நீளக் குழாய்களில் அடைத்து எரியவிட்டுக் காட்டினார். அப்புறம் நியான் பலகை கடைத்தெருவுக்கும் ரேடியோ வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததால், 1939-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், வானொலியையும் கவனித்துவந்த தபால் துறை அமைச்சரிடமே இதைப் பற்றிக் கேள்வி கேட்கும் அளவுக்குப் புகார் வளர்ந்துவிட்டது.

ஆனால் குழாய் மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஒழுங்காகச் செய்த நியான் பலகை பெரும்பாலும் தொந்தரவு தராது. டிரான்ஸ்பார்மர் பல ஆயிரம் வோல்ட் தருவதால், தளர்ந்த இணைப்பு, அழுக்கேறிய இன்சுலேட்டர், வெடிப்பு விட்ட கேபிள் என்று எங்காவது மின்சாரம் கசிந்து பொறி பறக்கும். அந்தப் பொறி ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் மாதிரி பல அலைவரிசைகளில் இரைச்சலைப் பரப்பும். இந்த இரைச்சல் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கும்; எஃப்எம் ரேடியோ அந்த உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? பேட்டரியில் ஓடும் சின்ன ஏஎம் ரேடியோ ஒன்று போதும். நிலையம் எதுவும் வராத அலைவரிசையில் வைத்து, ரேடியோவை மெல்லச் சுற்றுங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது சத்தம் மிகவும் குறையும். அப்போது கம்பி காட்டும் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு, வேறு இடத்தில் நின்று மறுபடி பாருங்கள், இரண்டு கோடுகளும் சந்திக்கும் பக்கம்தான் நீங்கள் தேடும் இடம். மின்கம்பிகளும் இரைச்சலைக் கடத்தும் என்பதால் கம்பத்தருகே நின்று ஏமாந்துவிடாதீர்கள். உறுதி செய்ய ஒரே வழிதான், பலகையை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அணைத்ததும் உறுமல் நின்றால் சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், பலகையை நீங்களே திறக்காதீர்கள், அந்த வோல்டேஜ் உயிரைக் குடிக்கும். கடைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பொறி பறக்கும் பலகை தீப்பிடிக்கவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். நியான் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இணைப்பைச் சரிபார்த்து, பழுதான கேபிளை மாற்றி, உயர் மின்னழுத்தக் கம்பிகளின் நீளத்தைக் குறைத்து, சப்ளை லைனில் ஒரு ஃபில்டர் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதுவரைக்கும் ரேடியோவை ஜன்னலிலிருந்தும் சுவர் வயரிங்கிலிருந்தும் தள்ளி வையுங்கள், இரைச்சல் குறையும் கோணத்தில் திருப்பிக்கொள்ளுங்கள், மின்வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். பலகையை அணைத்தும் உறுமல் நிற்கவில்லையா? அடுத்து அந்தப் பக்கத்து எல்இடி பலகைகளைப் பாருங்கள், மட்டமான பவர் சப்ளையாக இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.