புதுப் பின்னொட்டு வாங்கிய கையோடு செய்யும் தவறுகள்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தான். வெப்சைட் செய்து கொடுக்கும் வேலையில் இறங்கி ஆறு மாதம் ஆகிறதாம். "அண்ணே, ஒரு ஜவுளிக்கடைக்கு .ஷாப் எடுத்துட்டேன். பழைய .காம்-க்கு இந்த வருஷம் பணம் கட்டப் போறதில்ல" என்றான் பெருமையாக. இதே பேச்சை ஒரு காலத்தில் நானும் பேசியிருக்கிறேன்.

இணைய முகவரியின் கடைசியில் வரும் .காம், .ஷாப் போன்றவைதான் பின்னொட்டு. 2012-ல் புதுப் பின்னொட்டுகளை நடத்த, இணையப் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு விண்ணப்பம் வாங்கியபோது ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 2013 அக்டோபரில் முதல் நான்கு பின்னொட்டுகள் இணையத்தில் சேர்ந்தன. நான்குமே அரபி, சிரிலிக், சீன எழுத்துகளில். 2026-ல் அடுத்த சுற்று, கட்டணம் 2,27,000 டாலர். ஆகவே இன்னும் நிறைய பின்னொட்டுகள் வரும், இந்தத் தம்பியைப் போல நிறைய பேரும் வருவார்கள். பெயரை எழுத்துப்பிழையோடு வாங்குவது, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

முன்பதிவு செய்தால் பெயர் கிடைத்துவிட்டதாக நினைப்பது

ஒரு பின்னொட்டு திறக்கும்போது முதல் உரிமை தங்கள் டிரேட்மார்க்கை இதற்கென்றே இருக்கும் பதிவேட்டில் (டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ்) பதிந்து வைத்திருப்பவர்களுக்கு. குறைந்தது 30 நாள். அடுத்து, பல பின்னொட்டுகளில் எக்கச்சக்க விலையில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும் ஒரு வாரம். எல்லோருக்கும் திறப்பது அதற்கு அப்புறம்தான். முன்பதிவு என்பது வரிசையில் போட்டு வைக்கும் துண்டு, அவ்வளவே. வேறொரு ரிஜிஸ்ட்ராரின் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்தின்) துண்டு முந்தலாம். அதற்காக இறங்குவிலை வாரத்தின் முதல் நாளே ஓடவும் வேண்டாம். தேவனாம்பட்டினம் கருவாட்டுக்கடையின் பெயருக்கு அமெரிக்காவில் யாரும் போட்டி போடப் போவதில்லை.

பழைய பெயரைக் கைவிடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா தங்கும் விடுதி நடத்துகிறார். அவருடைய .காம் பெயர் ரயில் மாதிரி நீளம். புதுப் பின்னொட்டு ஒன்றில் சின்னதாக, அழகாக ஒரு பெயர் கிடைத்தது. போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் மாற்றினோம். வருடக் கடைசியில் "எதுக்கு தம்பி ரெண்டுக்கும் தண்டமா காசு?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். ஆயிரம் ரூபாய்கூட ஆகாத விஷயம்.

காலாவதியான .காம் பெயர் உடனே போய்விடாது. ரிஜிஸ்ட்ரார் 45 நாள் வரை வைத்திருக்கலாம். பிறகு 30 நாள், தண்டம் கட்டி மீட்கலாம். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கழன்று விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். எங்களுடையதையும் பிடித்தார்கள்.

ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, நம்ம சைட்ல சீட்டாட்டம் ஓடுது." பழைய கார்டை வைத்திருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி அந்த முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

சீட்டாட்டமாவது கண்ணுக்குத் தெரிந்தது. மெயிலைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டொமைன், அதாவது இணையப் பெயர், யாரிடம் இருக்கிறதோ, அந்தப் பெயருக்கு வரும் மெயிலும் அவருக்கே. அறை முன்பதிவுத் தளங்கள், வங்கி, ஜிஎஸ்டி என்று எல்லா இடத்திலும் அக்கா கொடுத்திருந்தது பழைய முகவரியைத்தான். பதினேழு இடம். மாற்றலாம் என்று போனால், "உங்கள் பழைய மெயிலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள் சிலர். பழைய மெயில் சூதாட்டக்காரனிடம்! ஐந்து நாள் போனும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டேன். பெயரைத் திருப்பித் தர அவன் டாலரில் கேட்ட விலையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கொடுக்கவில்லை. இன்றும் அது அவனிடம்தான் இருக்கிறது.

அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான். பழைய பெயரை உடனே ரெனியூ செய். ஒவ்வொரு பக்கத்தையும் புது முகவரியின் அதே பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடு. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதே. ரீடைரக்டை ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது தேடலுக்கான கணக்கு. மெயில் வந்துகொண்டிருந்த பெயராக இருந்தால், கடை இருக்கும்வரை அதற்குப் பணம் கட்டிக்கொண்டே இரு.

முதல் வருட விலையை மட்டும் பார்ப்பது

நூறு ரூபாய்க்குக் கிடைத்த பெயர் அடுத்த வருடம் மூவாயிரம் கேட்கும். பிரீமியம் பெயர் (கிராக்கி அதிகம் என்று கூடுதல் விலை வைத்த பெயர்) என்றால் சில பின்னொட்டுகளில் ரெனியூவலுக்கும் ஒவ்வொரு வருடமும் அதே உயர்ந்த விலைதான். .காம்-க்கு இருப்பது போன்ற விலை உச்சவரம்பு புதியவற்றுக்குக் கிடையாது. பின்னொட்டை நடத்தும் நிறுவனம் ரெனியூவல் விலையை ஏற்றும் முன் ரிஜிஸ்ட்ராருக்கு 180 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். அப்படி அறிவிப்பு வந்தால், ஏறுவதற்குள் பழைய விலையிலேயே மொத்தம் 10 வருடம் வரை கட்டி வைத்துக்கொள்ளலாம்.

.ஆப், .டெவ் வாங்கிவிட்டு எஸ்எஸ்எல் (https-க்கான சான்றிதழ்) போடாமல் விடுவது

பிரவுசரில் சைட் திறக்கவே திறக்காது.

வாடிக்கையாளரின் டொமைனை உங்கள் பெயரில் பதிவது

வேண்டாம்.

பதிந்ததும் வரும் சரிபார்ப்பு மெயிலைத் திறக்காமல் விடுவது

15 நாள் கழித்து சைட் நின்றுவிடும். அப்போது எனக்குப் போன் செய்யாதீர்கள்; அந்த மெயிலைத் தேடுங்கள்.