மெமரி கார்டில் வீடியோ பதியும் முன்

வில்லியனூர்த் தேரோட்டத்தைப் பதிவு செய்து, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கையடக்க வீடியோ பிளேயரில் போட்டுக் காட்ட நினைப்பவர்கள், கார்டு வாங்கும் முன்பே தங்கள் பிளேயர் எந்தக் கோப்பு முறையை, அதாவது கார்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எந்த விதத்தை, படிக்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 64 ஜிபி கார்டுகள் பொதுவாக எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. பழைய பிளேயர்கள் பலவும் ஃபாட்32 முறையை மட்டுமே படிக்கும் என்பதால், அவற்றுக்கு, பொதுவாக அந்த முறையில் வரும் 32 ஜிபி கார்டே ஏற்றது. ஆனால் ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது; ஆகவே நீண்ட பதிவை இடையிடையே நிறுத்தி, தனித்தனிக் கோப்புகளாகச் சேமியுங்கள். கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், அது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி வேகத்தில் எழுதும் என்று பொருள்.

கோப்பு முழுவதும் எழுதி முடிவதற்குள் அவசரப்பட்டுக் கார்டை உருவியதால், தேர் நிலைக்கு வந்த காட்சியையே நான் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கேமராவின் பதிவு விளக்கு அணைந்த பிறகே கார்டைத் தொடுங்கள்.