காரை வீட்டில் விட்டுவிட்டு ஊட்டி போய்வருவது எப்படி?

ஊட்டிக்குப் போனால் குப்பை போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மலைக்குப் பெரிய பாரம் நாம் ஓட்டிக்கொண்டு போகும் வண்டிதான். அதனால் பாதி வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதியைப் பாருங்கள்

மே மாதத்தை விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை எல்லாம் சேர்ந்து வருகிற மாதம் அது. தண்ணீருக்கு ஊரே திண்டாடும் நேரமும் அதுதான். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வைத்தார்கள். செப்டம்பரிலோ ஜனவரியிலோ ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். ஜனவரி என்றால் காலையில் புல்வெளியில் உறைபனி பார்க்கலாம், ஸ்வெட்டர் மட்டும் கனமாக இருக்கட்டும்.

2. டிக்கெட் போடுங்கள்

சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து காலை ஏழு மணிக்கு மேல் மலை ரயில் புறப்படும். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். 1908-லேயே ஊட்டி வரை வந்துவிட்ட பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

டிக்கெட் சட்டென்று தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் அன்றே ஐஆர்சிடிசியில் போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லையா? மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தலைவலியும் இல்லை. மேலே போன பிறகு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாவற்றுக்கும் பேருந்தே போதும்.

3. பையைக் கட்டுங்கள்

ஸ்டீல் பாட்டில், மஞ்சப்பை, சோப்பு டப்பா. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான். சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. வழியில் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது, எல்லாம் எப்போதும் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். அறையிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

4. தங்குமிடத்தை விசாரியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மசினகுடிப் பக்கம் சீகூர் பகுதி, யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழித்தடம். அதில் முளைத்த ரிசார்ட்டுகள் மீதான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைகள் பக்கம்தான் நின்றது. அடுத்த ஜனவரியில் அதே மசினகுடியில், தங்கும் விடுதி அருகே வந்த ஒரு யானை மீது எரியும் துணியை வீசினார்கள், அது இறந்துபோனது.

அதனால் போனிலேயே கேளுங்கள்: பதிவு செய்த விடுதியா, எந்த இடத்தில் இருக்கிறது? “நைட் சஃபாரி கூட்டிப்போகிறோம் சார், கேம்ப் ஃபயர் உண்டு” என்று அவர்களே ஆரம்பித்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். காடு பார்க்க வேண்டும் என்றால் முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறை வேன் இருக்கிறது. மிருகம் கண்ணில் படுமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

5. குரங்குக்குக் கொடுக்காதீர்கள்

குன்னூர் மலைப்பாதையில் கைப்பிடிச் சுவர் மீது குட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாவமாகத்தான் இருக்கும். யாரோ ஜன்னல் வழியே பிஸ்கெட் எறிவார், தாய் சாலை நடுவே பாய்ந்து பொறுக்கும், வளைவில் லாரி வரும். பிஸ்கெட் உங்கள் பையிலேயே இருக்கட்டும், காலி கவரும்தான்.

6. காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் சால்வை வாங்க ஆசை என்றால் துணியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, நூலை எண்ணி எண்ணிக் கையால் போடுகிற பூவேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. புடைப்பாகத் தெரிகிற பின்பக்கத்தைத்தான் தோடர்கள் நல்ல பக்கம் என்பார்கள். பின்னால் வெறுமையாக இருந்தால் அச்சு, வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தேன் வேண்டுமானால் கோத்தகிரியில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைக்குப் போங்கள், பழங்குடியினர் எடுத்த மலைத்தேன் கிடைக்கும்.

தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம். அது ஒருவர் வீட்டு வாசல்.

7. இறங்குவது

மதியம் இரண்டு மணி வாக்கில் ஊட்டியிலிருந்து இறங்கும் மலை ரயில், மாலை ஐந்தரை சுமாருக்கு மேட்டுப்பாளையம் சேரும். சென்னை ரயில் இரவு ஒன்பதுக்கு மேல்தான். டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஏறலாம். நேரங்களை மட்டும் கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.