காமெடி ஸ்கிரிப்ட்டில் தொழில் பெயர்களைச் சரிபார்ப்பது எப்படி?

மேடைக் குழுக்களுக்குக் காமெடிக் காட்சிகள் எழுதிக் கொடுக்கிறேன். எழுதி முடித்ததும் முதலில் பாத்திரப் பட்டியலை எடுத்து, தொழில் பெயர்களை மட்டும் படிப்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

டாக்டர், மேனேஜர், பால்காரன், ஆட்டோக்காரன், வேலைக்காரி. இப்படி ஒரு பட்டியலைப் பாருங்கள். சம்பளம் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் 'காரன்', 'காரி'. மரியாதையும் போச்சு, ஆணா பெண்ணா என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. இது எனக்குப் பொறுக்காது. நம் 'ர்' விகுதி இரண்டையும் சரிசெய்துவிடும்: பால்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டுவேலை செய்பவர். 'மேன்' வருகிற இடங்களும் எளிதுதான். வாட்ச்மேன் காவலாளி ஆகட்டும், கேமராமேன் ஒளிப்பதிவாளர், லைன்மேன் மின்வாரிய ஊழியர்.

அடுத்து 'லேடி' என்ற ஒட்டு: லேடி போலீஸ், லேடி டிரைவர், லேடி கண்டக்டர். சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது 1992இல். மறு வருஷமே வசந்தகுமாரி என்ற பெண் தமிழ்நாட்டில் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். இன்னமும் காக்கிச் சட்டையில் ஒரு பெண் வந்து நிற்பதையே ஜோக்காக வைப்பது சோம்பேறித்தனம்.

ஒரு காட்சிக் குறிப்பு: "லேடி கண்டக்டர் வந்து சில்லறை கேட்டுக் கத்துகிறாள்." இதில் சிரிப்பு எங்கே? மாற்றிப் பாருங்கள்: "கண்டக்டர் வருகிறார். ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து மெதுவாக எடுக்கிறார்." இப்போது சிரிப்பு நோட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நடிக்கலாம்.

வசனம் மட்டும் வேறு கணக்கு. திமிர் பிடித்த வீட்டு ஓனர் "எங்க வீட்டு வேலைக்காரி" என்றுதான் பேசுவார். அடி அவர் மேல் விழுகிறதென்றால் அப்படியே விடுங்கள். குறிப்பு நம் வாய், வசனம் அவர் வாய். மற்ற பாத்திரங்கள் 'ஓட்டுநர்' என்று பேசினால் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். "ஆட்டோ ஓட்டுறவங்க", "பூ விக்கிறவங்க" என்று எழுதுங்கள். பேச்சில் அந்த 'அவங்க' எல்லோருக்கும் பொருந்தும், காதுக்கும் உறுத்தாது.

கடைசியாக போஸ்டர். ஒருவருக்குக் 'காமெடியன்', இன்னொருவருக்குக் 'காமெடி நடிகை' என்று பிரிக்காமல், திருநர் உட்பட எல்லோருக்கும் 'நகைச்சுவைக் கலைஞர்' என்று போடலாம். ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். 'நடிகை' என்றே போடச் சொன்னால், சரி, அப்படியே போட்டுவிடுங்கள்.