பேங்க்ஸியின் பலூன் சிறுமி: கையில் இருப்பது அசல் பிரதியா என்று பார்ப்பது எப்படி?

லண்டனில் வாட்டர்லூ பாலத்துப் படிக்கட்டுச் சுவரில், தன் அடையாளத்தை மறைத்து வரையும் பிரிட்டிஷ் தெருக் கலைஞர் பேங்க்ஸி 2002-இல் ஸ்டென்சில் (வெட்டிய அச்சுத்தாள்) வைத்து அடித்த படம் இது: பறந்து போகும் இதய வடிவச் சிவப்பு பலூனை நோக்கிக் கை நீட்டும் சிறுமி. சுவர் ஓவியம் எப்போதோ அழிந்துவிட்டது. 2004-இல் அவருடைய அச்சுப் பிரதிகளை வெளியிட்டு வந்த ‘பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்’ நிறுவனம் அதை ஸ்கிரீன் பிரிண்ட்டாக, அதாவது திரை வழியே மை இறக்கும் அச்சாக, வெளியிட்டது. அந்தப் பிரதிகளுக்கு இன்று விலை அதிகம் என்பதால் போலிகளும் அதிகம்.

வாங்க நினைக்கும் பலர் முதலில் கையெழுத்தைத்தான் தேடுகிறார்கள். அதைப் பிறகு பாருங்கள். பென்சில் கையெழுத்தைப் பழகிப் போட்டுவிடலாம். மற்றதெல்லாம் அவ்வளவு எளிதில்லை.

படி 1: எண்
முதன்மைப் பதிப்பில் கையெழுத்திட்டவை 150, கையெழுத்தில்லாதவை 600. பிரதியில் 47/150 என்பதுபோல எழுதியிருக்கும். கையெழுத்து இருந்து கீழ் எண் 600 என்றால் உடனே சந்தேகப்படுங்கள். பலூன் வேறு நிறத்தில் உள்ள கலைஞர் பிரதிகளும் (பதிப்பு எண்ணிக்கைக்கு வெளியே அச்சிட்டவை) உண்டு, அவை தனிக் கணக்கு. 2018 சதபீஸ் ஏலத்தில் படச் சட்டத்துக்குள்ளேயே பாதி கிழிபட்டது இதே படத்தின் கேன்வாஸ் ஓவியம். அதற்கும் இந்தப் பதிப்புக்கும் சம்பந்தமில்லை.

படி 2: சான்றிதழ்
எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பேங்க்ஸியின் படைப்புகளுக்குச் சான்று தருவது 2008-இல் தொடங்கிய அவருடைய அலுவலகமான ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ மட்டும்தான். கேலரி தரும் கடிதமோ பழைய ரசீதோ அதற்கு ஈடாகாது. சான்றிதழில் ஒரு பத்து பவுண்டு நோட்டின் பாதி ஸ்டேப்பிள் செய்யப்பட்டிருக்கும். ராணிக்குப் பதிலாக இளவரசி டயானாவின் முகம் போட்டு பேங்க்ஸி அச்சடித்த நோட்டு அது. அதன் குறுக்கே கையால் ஓர் எண் எழுதி இரண்டாகக் கிழித்திருப்பார்கள். மறுபாதி அவர்களிடம். இரண்டும் பொருந்தினால்தான் சான்று செல்லும். கிழிசலின் நெளிவை இன்னொருவர் அப்படியே கிழித்துக் காட்ட முடியாது. இவ்வளவு எளிய ஏற்பாடு இவ்வளவு உறுதியாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரி, சான்றிதழின் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். உரிமை மாற்றத்தை விற்பவரோடு சேர்ந்து பெஸ்ட் கன்ட்ரோலில் பதியுங்கள். அவர் தயங்கினால் விலகிவிடுங்கள்.

படி 3: மை
நகைக்கடைகளில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். சிவப்பு பலூனின் மேல் வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட்டில் ஒவ்வொரு நிறத்தையும் தனித் திரை வழியே ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புள்ள பட்டை) இழுத்து இறக்குவார்கள். அதனால் சிவப்பு ஒரே பரப்பாக, காகிதத்தின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கும். மஞ்சள், மெஜந்தா, நீலப் புள்ளிகள் கலந்து சிவப்பாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த போஸ்டர் அல்லது இங்க்ஜெட் அச்சு. அப்புறம் காகிதத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: மை உள்ள இடமும் வெறும் காகிதமும் ஒளியை வேறு வேறு மாதிரி வாங்கும்.

படி 4: கையெழுத்து
அதே லென்ஸில் பென்சிலின் சாம்பல் மினுமினுப்பும், அழுத்தத்தில் விழுந்த லேசான பள்ளமும் தெரிய வேண்டும். அச்சடித்த கையெழுத்தில் இரண்டும் இருக்காது.

படி 5: காகிதம்
சட்டத்திலிருந்து கழற்றிய நிலையில், நான்கு விளிம்பும் பின்பக்கமும் தெரிய படம் கேளுங்கள். ஓரத்தை வெட்டியிருந்தாலும், வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்திருந்தாலும், அது அசலே ஆனாலும் விலை நன்றாகக் குறையும். வாங்கிய பின் அமிலமற்ற அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள்.