காட்டு லீக்ஸ்: இலையைச் சமையுங்கள், கிழங்கை மண்ணிலேயே விடுங்கள்

பனி உருகி, மேப்பிள் மரங்கள் இன்னும் தளிர் விடாமல் மொட்டையாக நிற்கிற ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் வரைக்கும் காட்டுத் தரையில் பச்சைப் பசேலென்று முளைப்பதுதான் காட்டு லீக்ஸ். பல ஊர்களில் ரேம்ப்ஸ் என்பார்கள். மரங்கள் தழைத்து நிழல் கட்டியதும் இலை பழுத்துக் காய்ந்துவிடும், அதனால் சில வாரங்கள்தான் கிடைக்கும். நுவரெலியா லீக்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் அந்தத் தடித்த தண்டை எதிர்பார்க்க வேண்டாம். இதில் இரண்டு மூன்று அகலமான வழுவழு இலை, பெரும்பாலும் ஊதாச் சிவப்பாக இருக்கும் காம்பு, அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கிழங்கு, அவ்வளவுதான். கசக்கினால் பூண்டு வாசம் தூக்கும், வதக்கினால் வெங்காயத்தாளைவிட இனிக்கும்.

சமையலுக்குப் போகும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கிழங்கைத் தோண்டாதீர்கள். விதை முளைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், அது வளர்ந்து பூக்கும் பருவத்துக்கு வர இன்னும் 5 முதல் 7 வருடம். ஒரு திட்டு செடியைக் கிழங்கோடு பிடுங்கினால் அந்த இடம் எத்தனையோ வருடத்துக்கு வெறும் தரையாகத்தான் கிடக்கும். இதனால்தான் கியூபெக் மாகாணம் 1995-இல் விற்பனையையே தடை செய்தது, சொந்தத் தேவைக்கு ஒருவர் வருடத்துக்கு 50 கிழங்கு வரைதான் எடுக்கலாம். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் 2004 முதல் பறிக்கவே கூடாது. ஆகவே ஒரு செடிக்கு ஒரே ஒரு இலையைக் கத்தியால் நறுக்கி எடுங்கள், மிச்ச இலைகள் கிழங்குக்குச் சாப்பாடு சேர்த்து வைக்கும். சந்தையில் வாங்கினாலும் இலை மட்டும் இருக்கிற கட்டாகக் கேளுங்கள். ருசி முழுக்க இலையிலேயே இருக்கிறது, கிழங்கு இல்லையே என்று எந்தச் சமையலும் குறைப்படப் போவதில்லை.

நீங்களே காட்டில் பறிப்பதாக இருந்தால், முதலில் அங்கே பறிக்க அனுமதி உண்டா என்று பாருங்கள், அடுத்தது விஷச்செடி. லில்லி ஆஃப் தி வேலி, ஃபால்ஸ் ஹெலிபோர் இரண்டும் அதே பருவத்தில் முளைக்கும், பார்க்கவும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், இரண்டுமே இதயத்தைத் தாக்கும், வேக வைத்தாலும் விஷம் போகாது. ஹெலிபோர் இலையில் கொசுவம் வைத்த மாதிரி ஆழமான மடிப்பு ஓடும். லில்லியில் இலைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரே தண்டாக மேலே வரும், அடியில் கிழங்கு இருக்காது. கிள்ளி மோந்து பார்க்கலாம், பூண்டு வாசம் வராவிட்டால் தொடாதீர்கள். ஆனால் நாலு இலை பறித்ததுமே விரலெல்லாம் பூண்டு நாறும், அப்புறம் எதைக் கிள்ளினாலும் அதே வாசம்தான் வரும், ஆகையால் மூக்கை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு இலையையும் கண்ணால் பாருங்கள். துளி சந்தேகம் வந்தாலும் விட்டுவிட்டுச் சந்தையில் வாங்குவதே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து அதில் இலைகளை முக்கி அலசுங்கள். காம்பும் இலையும் சேருகிற இடத்தில்தான் மண் ஒளிந்திருக்கும், அங்கே விரலை வைத்துத் தேயுங்கள். தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் சுற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். டப்பா சரியாக மூடாவிட்டால் பாலிலும் வெண்ணெயிலும் அந்த வாசம் ஏறிவிடும்.

முதல் தடவை சமைப்பவர்கள் உருளைக்கிழங்கும் முட்டையும் செய்து பாருங்கள். அப்பலாச்சியாவில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதுதான். மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிற ரேம்ப் விருந்திலும் உருளைக்கிழங்கும் சோளரொட்டியும் கூடவே இருக்கும். அங்கே பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், வேண்டாதவர்களுக்கு வெண்ணெய் போதும். இரண்டு பேருக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வில்லையாக நறுக்கி, அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் விட்டு, உப்புப் போட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வறுங்கள். 15 இலை எடுத்துக்கொண்டு காம்பைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் நறுக்கி வையுங்கள். காம்பை முதலில் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். இலை கடைசியில்தான். போட்ட கையோடு சுருங்கி, பச்சை ஆழமாகி, அந்தக் காரமான நெடி அடங்கி ஒரு இனிப்பு வாசம் கிளம்பும், அரை நிமிடத்துக்குள் இது நடந்துவிடும். அந்த நேரத்தில் நான்கு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி இறக்குங்கள். அதற்கு மேல் வதக்கினால் இலை நார் நாராகி, கருகிய பூண்டு மாதிரி கசக்கும்.

நம் சமையலிலும் இது நன்றாகவே சேரும். பருப்பு வெந்து, நெய்யில் கடுகும் சீரகமும் மிளகாயும் தாளித்துக் கொட்டியதும், ஒரு கைப்பிடி நறுக்கிய இலையைத் தூவி மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பூண்டும் பெருங்காயமும் அன்றைக்கு வேண்டாம், இரண்டும் சேர்ந்து இலையின் ருசியை அமுக்கிவிடும். தோசை மாவை ஊற்றியதும் மேலே தூவி எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவதும் அருமையாக இருக்கும்.

மிச்சம் இருப்பதை வெண்ணெயில் சேர்த்து வையுங்கள். பத்து இலையைக் கொதிநீரில் 15 நொடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, துணியில் வைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கி, 100 கிராம் மெத்தென்ற வெண்ணெயில் உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி ஃப்ரீஸரில் வைத்தால் சில மாதம் வரும். எண்ணெயில் அரைத்து வைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பூண்டு இனத்து இலை எண்ணெயில் மூழ்கி வெளிச்சூட்டில் கிடந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாசத்திலோ ருசியிலோ அது தெரியாது. அரைத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து நேராகச் சூடான வாணலியில் போடுங்கள்.