அப்பன் பேர் இல்லாத அப்புச்சிக்கு அப்பனைத் தேடுவது எப்படி?

எங்கம்மாவைப் பெத்த அப்புச்சிக்கு இனிஷியல், அவரைப் பெத்த ஆத்தாவின் பேரிலிருந்து வந்தது. தாராபுரம் பக்கத்து மனுசர். அப்பா யாரென்று வீட்டில் யாரும் சொன்னதுமில்லை, கேட்டதுமில்லை. இன்றைக்கு அந்த ஆளை ஓரளவு தைரியமாகக் கைகாட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். நம்ம பக்கத்தில் இதே கேள்வியோடு இருக்கிறவர்கள் நிறைய என்பதால் வந்த வழியை எழுதிவைக்கிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் கட்சி இதுதான்: எடுத்த எடுப்பில் தகப்பன் பேரைத் தேடாதீர்கள். அதை மறைக்க ஊரே சேர்ந்து வேலை பார்த்திருக்கும். அந்தப் பொம்பளைக்கும் பிள்ளைக்கும் காடோ காசோ எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பாருங்கள். காடு கைமாறினால் எங்கேயாவது பதிவாகியிருக்கும்.

1. வீட்டில் விசாரிப்பது

“அவருக்கு அப்பா யாரு?” என்று நேராகக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சுற்றி வாருங்கள். எந்தெந்த எழவுக்குப் போனார்கள், எதற்குப் போகவில்லை? யார் கோடி போட்டார்கள்? எந்த வீட்டோடு சேர்ந்து தீட்டுக் காத்தார்கள்? தலைக்கட்டு வரி எந்தக் கோயிலுக்குக் கட்டினார்கள், நோட்டில் பேர் இருந்ததா, விட்டுப்போயிருந்ததா?

வயதான பொம்பளைகளைத் தனியாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்தால்கூட ஒன்றும் வராது. எங்க சின்ன அமுச்சி சொன்னது இவ்வளவுதான்: “பெரிய வூட்டு எழவுக்கு நாங்க யாரும் போகலீங் கண்ணு. ஆனா உங்க அப்புச்சி அன்னைக்குப் பூரா சோறு உங்கல.” எந்தப் பெரிய வீடு என்று நான் கேட்கவில்லை. அது எந்த வருஷம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மொய் நோட்டு கிடைத்தால் அட்டை முதல் அட்டை வரை போட்டோ எடுத்துவிடுங்கள். உறவே இல்லாத ஊரிலிருந்து, மாமன் மச்சான் வைத்ததைவிடப் பெரிய தொகை ஒன்று இருந்தால் அதை வட்டம் போட்டு வையுங்கள்.

2. பிறந்த மாசத்தைப் பிடிப்பது

ஜாதகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ் வருஷத்தை இங்கிலீஷ் வருஷமாக மாற்றும்போது கவனம். பிரஜோத்பத்தி என்றால் 1931 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த வருஷத்துப் பங்குனி வருவது 1932 மார்ச்–ஏப்ரலில். அங்கிருந்து ஒன்பது மாசம் பின்னால் போனால் 1931 ஆனி. அந்த ஆனியில் அந்த ஆத்தா எந்த ஊரில், யார் தோட்டத்தில் வேலைக்கு இருந்தார்கள்? கேள்வி இப்போது சின்னதாகிவிட்டது. வருஷம் 60-க்கு ஒருமுறை திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம்; தாது என்றால் பஞ்சம் வந்த 1876-ம் உண்டு, 1936-ம் உண்டு.

3. பிறப்புப் பதிவும் பள்ளிக்கூடமும்

மெட்ராஸ் மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது. போய்ப் பாருங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். குழந்தை பேர்கூட இல்லாமல் ‘ஆண்’ என்று மட்டும் இருக்கலாம், தகப்பன் கட்டம் காலியாக இருக்கலாம். பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் இதைவிட மேல். அதில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவர் தாய்மாமனா, வேறு யாராவதா என்று பாருங்கள்.

4. பத்திர ஆபீஸ்

முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நேரத்தையும் இதுதான் அதிகமாகத் தின்னும்.

ஆன்லைன் வில்லங்கம் பெரும்பாலான ஆபீஸ்களுக்கு 1975 முதல்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது 1930-கள். அதற்கு நேரில் போய் மனுப் போட்டு, கையால் எழுதிய புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். அங்கே இன்றைய சர்வே நம்பரைக் கொடுத்தால் ‘வில்லங்கம் இல்லை’ என்று ஒரு தாள் வரும். அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. நம்பர்கள் நடுவில் மாறியிருக்கும், உட்பிரிவு ஆகியிருக்கும். விஏஓ ஆபீசில் ஊர் நிலங்களின் மூலப் பட்டியலான அ-பதிவேட்டைப் பார்த்தால் பழைய புல எண்ணுக்கு என்று ஒரு பத்தி உண்டு. அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

எந்த ஆபீஸ் என்பதும் ஒரு வம்பு. காங்கயமும் தாராபுரமும் 1979 வரை கோயமுத்தூர் ஜில்லா, பிறகு பெரியார் மாவட்டம், 2009-லிருந்து திருப்பூர். கரூர் தாலுகா 1910-ல் திருச்சி ஜில்லாவோடு போய்விட்டது. சார்பதிவகங்களும் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. உங்கள் ஊர் அந்த வருஷத்தில் எந்த ஆபீசுக்குக் கீழே இருந்ததோ, பழைய புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது, நம்பரை வைத்து மட்டும் தேடாதீர்கள். பதிவகத்தில் இரண்டு அட்டவணை உண்டு: முதலாவது ஆள் பேரில், இரண்டாவது சொத்தில். ஆத்தா பேரில் முதல் அட்டவணையைத் தேடச் சொல்லுங்கள். பேர் ராமாயி, பழனியம்மா என்றால் பக்கம் பக்கமாக வரும், அதற்குப் பயந்தால் ஆகாது. ஊர்ப் பேரை வைத்துக் கழித்துவிடலாம். 1908 பதிவுச் சட்டத்தின் 57-ம் பிரிவுப்படி, நிலம் சம்பந்தப்பட்ட 1-ம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில் இருக்கும் 3-ம் புத்தகம் என்றால், எழுதியவர் இறந்த பிறகு நகல் கேட்கலாம். ‘சொந்தக்காரர் மட்டும்தான் பார்க்கலாம்’ என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினார்கள் என்றால் பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். எனக்கு அதற்கப்புறம்தான் புத்தகம் கண்ணில் பட்டது.

பத்திரம் கிடைத்ததும் எழுதிக்கொடுத்தவர் பேரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தான செட்டில்மென்ட். பணம் கைமாறவில்லை. காரணம் என்று எழுதியிருந்தது ‘உன் ஜீவனத்தை உத்தேசித்து’ மட்டும். செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தைப், படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று பக்கமும் எழுதிக்கொடுத்தவர் குடும்பத்துக் காடு, மேற்கே இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம்). பெரிய பூமியின் ஓரத்தில் ஒரு துண்டை வகுந்து கொடுத்திருக்கிறார். சாட்சியில் ஆத்தாவின் அண்ணன் கைநாட்டு. சொந்தமில்லாத ஒரு பொம்பளைக்கு யாரும் இப்படிக் காடு எழுதிவைக்க மாட்டார்கள். சில பத்திரங்களில் ‘அபிமான ஸ்திரீ’ (தாலி கட்டாமல் வைத்திருந்தவள்), ‘அபிமான புத்திரன்’ (அவளுக்குப் பிறந்த மகன்) என்று பச்சையாகவே இருக்கும். அப்படி அமைந்தால் உங்களுக்கு யோகம்.

இடையில் ஒரு விஷயம். பத்திரத்தில் மனைவி என்று இல்லாததாலேயே தாலி கட்டவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மெட்ராஸ் மாகாணத்தில் இருதார மணத்தை 1949 சட்டம் தடுத்தது, அதற்குப் பிறகு கட்டிய இரண்டாந்தாரம் செல்லாது. சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் 1967 திருத்தத்துக்குப் பிறகுதான் சட்டப்படி முழுப் பாதுகாப்பு வந்தது. ஊரறிய நடந்தும் காகிதத்தில் இல்லாத கல்யாணங்கள் இப்படி எத்தனையோ.

5. டிஎன்ஏ

எழுதிக்கொடுத்தவர்தான் அப்பா என்று பத்திரம் சொல்லாது. தம்பி செய்த காரியத்துக்கு அண்ணன் காடு கொடுத்திருக்கலாம். இதைப் பிரிக்கத்தான் டிஎன்ஏ.

அப்புச்சிக்கு மகன் வழியில் ஆண் வாரிசு இருந்தால் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிற ஒய் குரோமோசோமைப் பார்க்கும் ஒய் டெஸ்ட் எடுக்கலாம். எங்க மாமனைத்தான் எடுக்கச் சொன்னேன். ஆனால் ஒய் டெஸ்ட் பொருந்தினால் ஆண் வழி தெரியுமே தவிர ஆள் தெரியாது. அண்ணன், தம்பி, பங்காளி எல்லோருக்கும் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆளைப் பிரிக்க, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வருகிற டிஎன்ஏவைப் பார்க்கும் ஆட்டோசோமல் டெஸ்ட் வேண்டும்.

கணக்கு இப்படி: பத்திரக்காரரே அப்பா என்றால், அவருடைய மகன் வழிப் பேரனும் எங்க மாமனும் ஒரே தாத்தா, வேறு வேறு பாட்டி. சராசரியாக 450 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு) பகிர்வார்கள். அவர் தம்பி அப்பா என்றால் இரண்டாம் தலைமுறைப் பங்காளி முறை, சராசரி 230.

இந்தச் சராசரிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் கொடுத்த கணக்கிலிருந்து வந்தவை. நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கட்டி எண் ஊதிப்போயிருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 350 வந்து நிற்கும். அதனால் மொத்த எண்ணைப் பார்த்துக் குதிக்காமல், நீளமான துண்டுகள் எத்தனை என்று பாருங்கள். பழைய உள்உறவு சின்னச் சின்னத் துண்டாகத்தான் சிதறியிருக்கும். கூடவே அதே சமூகத்தில், இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒருவரையும் சோதித்து, அவரோடு எவ்வளவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி வழியிலும் ஒரு ஆள் சம்மதித்தால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

வம்சாவளியை எழுத நான் கிராம்ப்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம், நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், பெத்த அப்பா வேறு வளர்த்தவர் வேறு என்று போட வழி உண்டு. எல்லோரும் பார்க்கிற ஆன்லைன் மரத்தில் இதையெல்லாம் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பெரிய வீட்டுப் பேரன் என்னை நம்பி டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு எச்சில் கொடுத்தார். அவர் பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது.

பின்சேர்க்கை 1: வால்பாறை, குன்னூர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைக்குப் பிறந்தவர்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே வழி வேறு. சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதன் பதிவு லண்டனுக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனி வரிசையே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் பதிவுகளைத் திரட்டும் ஃபிபிஸ் (FIBIS) என்ற அமைப்பின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், முதலில் அதைப் பாருங்கள். நீலகிரி கேத்தியில் இருந்த, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கான செயின்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ் பக்கமும் விசாரிக்கலாம்.

பின்சேர்க்கை 2: வயசானவர்களிடம் எச்சில் எடுக்கும்போது வெத்தலை, புகையிலையை அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, வாய் கொப்பளிக்கச் சொல்லிவிடுங்கள். குழாய் நிறையத் துப்ப அவர்களால் முடியாது. கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கிற கிட் வாங்குங்கள்.